தோற்கும் ஆட்டத்தை எப்போது விடுவது?

ஆட்டம் தொடங்கி 15 நிமிடம் ஆகிறது. எதிரணி 4,000 கோல்டு முன்னிலையில் இருக்கிறது. மேல் லேனில் இரண்டு டவர்கள் விழுந்துவிட்டன. நம் அணியில் ஒருவர் ஆறாவது முறையாகச் செத்து, சாம்பல் நிறத் திரையை வெறித்துக்கொண்டிருக்கிறார். சாட்டில் யாரோ ‘எஃப்எஃப்’ என்று தட்டுகிறார். உடனே திரையின் ஓரத்தில் ஒரு சிறிய பெட்டி முளைக்கிறது. சரணடையலாமா? ஆம் அல்லது இல்லை என்று சற்று நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆடுகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 2009 அக்டோபரில் ரயட் கேம்ஸ் வெளியிட்ட ஆட்டம் இது. அணிக்கு ஐந்து பேர். எதிரியின் தளத்துக்குள் இருக்கும் நெக்ஸஸை முதலில் தகர்க்கும் அணிக்கு வெற்றி. 20 நிமிடம் கடந்துவிட்டால், ஐவரில் நால்வர் ஒப்புக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம். 15ஆவது நிமிடத்திலேயே சரணடையும் வசதியைப் பின்னாளில் சேர்த்தபோது, ஐவரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள்.

அந்தப் பெட்டியில் விழும் வாக்குகளில் பெரும்பாலானவை எரிச்சலில் விழுபவை. ஆனால் அங்கே கேட்கப்படுவது அசலான கணிதக் கேள்வி. முடிவு உறுதியாகத் தெரியாத ஒரு முயற்சியை எந்தக் கட்டத்தில் நிறுத்தினால் லாபம் என்பதைக் கணிதத்தில் ‘உகந்த நிறுத்தம்’ என்ற தலைப்பில் படிக்கிறார்கள். இரை தேடும் பறவைக்கும் அந்தக் கேள்வி உண்டு, கோ என்ற பலகை விளையாட்டை ஆடும் கணினிக்கும் உண்டு. ராங்க் ஆட்டத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை பலரையும் வியக்கவைக்கும்: ராங்க் உயர வேண்டும் என்று ஆடுகிறவருக்குச் சரணடைவது ஏறத்தாழ எப்போதுமே நஷ்டம்.

முன்னிலை எப்போது பாதுகாப்பானது?

முதலில் ஒரு பழைய விளையாட்டைப் பார்த்துவிடுவோம். ஆரன் கிளாசெட், மரினா கோகன், சிட்னி ரெட்னர் ஆகிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அணி விளையாட்டுகளில் எவ்வளவு முன்னிலை இருந்தால் அதை நம்பலாம் என்று கணக்கிட்டார்கள். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் புள்ளி வித்தியாசம் ஏறி இறங்குவது, ஒவ்வொரு அடிக்கும் காசு சுண்டி முன்னேயோ பின்னேயோ நகர்கிறவரின் நடையைப் போலவே இருக்கிறது என்று கண்டார்கள். அந்த நடையில் 90 சதவீதம் பாதுகாப்பான முன்னிலை என்பது மீதமுள்ள நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பாதி ஆட்டம், அதாவது 24 நிமிடம் மீதமிருந்தால் 18 புள்ளி முன்னிலை வேண்டும். 6 நிமிடமே மீதமிருந்தால் 9 புள்ளி போதும். நேரம் கால்வாசியானால் தேவைப்படும் முன்னிலை பாதியாகிறது.

கூடைப்பந்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஓர் அணி கூடையில் பந்தைப் போட்டதும் அடுத்து பந்து எதிரணியின் கைக்குப் போகிறது. இதுவரை எடுத்த புள்ளிகளால் அடுத்த புள்ளி எடுப்பது எளிதாவதில்லை.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், டோட்டா 2 போன்ற ஆட்டங்களின் இயல்பு வேறு. ஒரு கில் எடுத்தால் கோல்டு வரும். அந்தக் கோல்டில் வாள் வாங்கலாம். வாளிருப்பதால் அடுத்த கில் எளிது. முன்னிலை தானாகவே வட்டி போட்டுக் குட்டி போடுகிறது. இதை அப்படியே விட்டால் பத்தாவது நிமிடத்திலேயே ஆட்டத்தின் முடிவு தெரிந்துவிடும். மீதி நேரம் இரு தரப்புக்கும் வீண். அதனால்தான் இந்த ஆட்டங்களை வடிவமைப்பவர்கள் பின்தங்கியவரை இழுத்துப்பிடிக்கும் விசைகளை உள்ளே வைக்கிறார்கள்.

லீக்கில் சாதாரண கில் ஒன்றுக்கு 300 கோல்டு. செத்துப்போகாமல் தொடர்ந்து கொன்றுவருகிறவரை வீழ்த்தினால் அதைவிட நிறையக் கிடைக்கும். பின்தங்கிய அணி டவரையோ டிராகனையோ வென்றால் கூடுதல் கோல்டு தரும் ஏற்பாட்டை 2022ஆம் ஆண்டுப் பருவத்துக்காக ரயட் சேர்த்தது. டோட்டா 2ஐ நடத்தும் வால்வ் நிறுவனம் 2014 செப்டம்பரில் வெளியிட்ட 6.82 திருத்தத்தில், இரு அணிகளின் சொத்து வித்தியாசத்துக்கு ஏற்ப கில்லின் பரிசைப் பெருக்கியது. அது அளவுக்கு மீறிப் போய், முன்னிலை எடுப்பதே ஆபத்து என்கிற நிலை வந்ததால், அடுத்தடுத்த திருத்தங்களில் குறைத்தார்கள். வட்டி போடும் விசையும் இழுத்துப்பிடிக்கும் விசையும் எந்த அளவில் சேர்ந்தால் ஆட்டம் நன்றாக இருக்கும் என்பது இன்றும் திருத்தத்துக்குத் திருத்தம் மாறிவரும் விஷயம்.

இவை போக, யாரும் தனியாகச் சேர்க்காமலே இருக்கும் இரண்டு விசைகள் உண்டு. ஒன்று, பையின் அளவு. ஒருவர் ஆறு பொருள்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பத்துப் பேரின் பையும் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் சேரும் கோல்டு வெறும் எண்தான். 15ஆவது நிமிடத்தில் 5,000 கோல்டு வித்தியாசம் என்பது ஒரு தரப்பில் ஒன்றிரண்டு பேர் ஆளுக்கொரு நல்ல ஆயுதம் கூடுதலாகப் பிடித்திருப்பது. 40ஆவது நிமிடத்தில் அதே 5,000 பெரிதாக உறைக்காது. இன்னொன்று, சாவின் நீளம். தொடக்கத்தில் செத்தால் சில நொடியில் திரும்பிவிடலாம். பிற்பகுதியில் 50 நொடிக்கு மேலும்கூடக் காத்திருக்க வேண்டும். அந்த 50 நொடியில் ஐவரும் செத்துக்கிடந்தால், எதிரிகள் நடு லேன் வழியே நேராக வந்து நெக்ஸஸை உடைத்துவிடலாம். ஆகவே ஆட்டம் நீள நீள, அரை மணி நேரம் சேர்த்த முன்னிலையை ஒரே ஒரு சண்டை புரட்டிப்போடும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது. கேய்ல், கஸாடின் போன்று 16ஆம் லெவலுக்குப் பிறகு வேறு ஆளாக மாறும் சாம்பியன்கள் நம் அணியில் இருந்தால், காலம் நம் பக்கம்.

2018 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் இப்படி ஒரு புரட்டல் நடந்தது. ஐந்து ஆட்டத் தொடரில் பி.எஸ்.ஜி.எல்.ஜி.டி. அணி 2-1 என்று முன்னே இருந்தது. நான்காவது ஆட்டத்திலும் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. தொழில்முறை ஆட்டங்களில் ‘ஜிஜி’ என்று தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வழக்கம் உண்டு. எதிரே இருந்த ஓஜி அணி அதைத் தட்டவில்லை. செப் என்று அறியப்படும் செபாஸ்டியன் டெப்ஸ் ஆக்ஸ் நாயகனோடு எதிரிகளின் நடுவே குதித்துச் சண்டைகளின் போக்கை மாற்ற, ஓஜி அந்த ஆட்டத்தை மீட்டது. ஐந்தாவதையும் வென்று 1.1 கோடி டாலருக்கும் மேலான முதல் பரிசைத் தட்டிச்சென்றது.

ஒரு ‘ஆம்’ வாக்கின் விலை

உலகக் கோப்பை இறுதியில் ஆடுகிறவர்கள் எளிதில் விடமாட்டார்கள் என்பது சரி. இரவு பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத நால்வரோடு ராங்க் ஆடுகிற ஒருவர் என்ன செய்ய வேண்டும்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

எளிமைக்காக, வென்றால் 20 எல்.பி. (ராங்க் புள்ளி) கூடும், தோற்றால் 20 குறையும் என்று வைத்துக்கொள்வோம். இப்போதே சரணடைந்தால் 20 போகும். தொடர்ந்து ஆடித் தோற்றாலும் அதே 20தான் போகும். தொடர்ந்து ஆடி வென்றால், போயிருக்க வேண்டிய 20 போகாமல் மேலும் 20 சேரும், வித்தியாசம் 40. ஆகப் புள்ளிக் கணக்கில், தொடர்ந்து ஆடுகிறவர் இழப்பதற்கு எதுவுமே இல்லை. அவர் செலவழிப்பது நேரம் மட்டும்.

அந்த நேரத்துக்கு ஒரு விலை உண்டு. மீதி ஆட்டம் 15 நிமிடம் போகும் என்போம். அந்த 15 நிமிடத்தைப் புதிய மேட்சுக்குக் கொடுத்திருந்தால் என்ன சேர்ந்திருக்குமோ அதுவே அதன் விலை. நூறு மேட்சில் 52 வெல்கிறவரை எடுத்துக்கொள்வோம். மெதுவாக ஆனாலும் உறுதியாக மேலேறிக்கொண்டிருப்பவர் அவர். 52 வெற்றிக்கு 1,040 கூடுகிறது, 48 தோல்விக்கு 960 குறைகிறது. நூறு மேட்ச் ஆடி அவர் சேர்த்தது 80. ஒரு மேட்சுக்கு 0.8 எல்.பி. வரிசையில் காத்திருப்பது, சாம்பியன் தேர்வு எல்லாம் சேர்த்து மேட்சுக்கு 40 நிமிடம் ஆகிறதென்றால், 15 நிமிடத்தின் விலை 0.3 எல்.பி.

இப்போது தொடர்ந்து ஆடுவதன் மதிப்பு. வெற்றி வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், 40இல் பத்தில் ஒரு பங்கு, 4 எல்.பி. 0.3ஐ மிச்சப்படுத்துவதற்காக 4ஐத் தூக்கியெறிவதுதான் அந்தச் சரணாகதி. வாய்ப்பு நூற்றில் ஒன்றாகச் சுருங்கினாலும் தொடர்வதன் மதிப்பு 0.4, அப்போதும் அதுவே மேல். முக்கால் சதவீதத்துக்கும் கீழே போன பிறகுதான் சரணடைவது லாபம்.

நூறு மேட்சாகப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். வாய்ப்பு 10 சதவீதத்துக்கு இறங்கிய நூறு மேட்சுகளில் ஒவ்வொரு முறையும் சரணடைகிறார் ஒருவர். அவருக்கு மேட்சுக்கு 15 நிமிடம் என்று 25 மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தில் ஏறக்குறைய 37 புதிய மேட்சுகள் ஆடி அவர் சேர்ப்பது சுமார் 30 எல்.பி. ஆனால் அந்த நூறில் பத்தை அவர் வென்றிருப்பார். பத்தும் கைவிட்டுப் போனதில் இழப்பு 400 எல்.பி. லீக்கில் ஒரு பிரிவுக்கு 100 எல்.பி., ஓர் அடுக்குக்கு நான்கு பிரிவு. அவர் தவறவிட்டது ஒரு முழு அடுக்கு. சில்வரில் இருப்பவர் கோல்டுக்குப் போயிருக்கலாம்.

மிகத் திறமையான ஆட்டக்காரருக்கு நேரத்தின் விலை கூடும். நூற்றுக்கு 60 வெல்கிறவர் மேட்சுக்கு 4 எல்.பி. சேர்க்கிறார், அவருடைய 15 நிமிடத்துக்கு 1.5 எல்.பி. விலை. அவர் 3.75 சதவீதத்துக்குக் கீழே போனதும் விட்டுவிடலாம். மறுபுறம், பாதிக்குப் பாதி வெல்கிறவர் புதிய மேட்சில் சராசரியாகச் சேர்ப்பது பூஜ்யம். அவருக்கு ராங்க் கணக்கில் சரணடைய ஒரு காரணமும் இல்லை. ‘அடுத்த மேட்சுக்குப் போகலாம்’ என்று அவசரப்படுகிறவர், அந்த அடுத்த மேட்சிலும் பாதிக்குப் பாதி தோற்கப்போகிறார் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

பட்டாணிக்குருவியின் பாடம்

உயிரியலாளர் எரிக் சார்னோவ் 1976இல் இதே தர்க்கத்தை இரை தேடும் விலங்குகளுக்கு வகுத்தார். ஒரு மரத்தில் புழு பொறுக்கும் பறவைக்கு நேரம் ஆக ஆகப் புழு குறைந்துகொண்டே வரும். எப்போது அடுத்த மரத்துக்குப் பறக்க வேண்டும்? இந்த மரத்தில் இந்தக் கணம் கிடைக்கிற வேகம், பறக்கும் நேரத்தையும் சேர்த்து எல்லா மரங்களிலும் சராசரியாகக் கிடைக்கிற வேகத்துக்குக் கீழே இறங்கும்போது என்பது அவர் விதி.

அடுத்த ஆண்டே ரிச்சர்ட் கௌவீ இதைப் பட்டாணிக்குருவிகளிடம் சோதித்தார். கூண்டுக்குள் செயற்கை மரங்கள், அவற்றில் மரத்தூள் நிரப்பிய கிண்ணங்கள், தூளுக்குள் புழுத்துண்டுகள். கிண்ணத்தின் மூடியை எளிதாகவும் கடினமாகவும் மாற்றி, புதிய கிண்ணத்துக்குப் போக ஆகும் செலவைக் கூட்டிக் குறைத்தார். மூடி கடினமானபோது குருவிகள் கையிலிருக்கும் கிண்ணத்தில் அதிக நேரம் தங்கின. விதி சொன்ன திசையிலேயே அவை நடந்துகொண்டன.

ஆட்டக்காரருக்கு அந்தக் கடினமான மூடி, அடுத்த மேட்சுக்காக வரிசையில் நிற்கும் நேரம். உயர்ந்த ராங்கில் ஆடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் காத்திருப்பு நீளும். காத்திருப்பு நீளமானால் இருக்கும் ஆட்டத்தில் தங்குவதன் மதிப்பும் கூடும். குருவி செய்கிற ஒப்பீடும் கவனிக்கத்தக்கது. ‘சற்று முன் எவ்வளவு நன்றாகக் கிடைத்தது, இப்போது இப்படி ஆகிவிட்டதே’ என்று அது இதே மரத்தின் பழைய நிலையோடு ஒப்பிடுவதில்லை. வெளியே கிடைக்கும் சராசரியோடு ஒப்பிடுகிறது. நாம் முதலாவதைச் செய்கிறோம். பத்தாவது நிமிடத்தில் முன்னிலையில் இருந்துவிட்டு இருபதாவது நிமிடத்தில் பின்தங்கினால், தொடக்கம் முதலே பின்தங்கியிருப்பதைவிட அதிகம் வலிக்கிறது. டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையம் இதுதான்: இழப்பு, அதே அளவு லாபத்தைவிடப் பெரிதாக உறைக்கிறது. அந்த வலி வாய்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வெற்றிகள்

இந்தக் கணக்கு முழுவதும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது: நமக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்கிற மதிப்பீடு. அதை மனிதர்கள் திரும்பத் திரும்பத் தவறாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சரணடைந்த ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் காட்டப்போவதில்லை. ‘எப்படியும் தோற்றிருப்போம்’ என்ற நம்பிக்கையை மறுக்கிற ஆதாரம் பிறப்பதே இல்லை. பழைய ஆட்டங்களின் பதிவுகளைக் கொண்டு வெற்றி வாய்ப்பைக் கணிக்கும் கணினி நிரல்களும் இதே குழியில் விழலாம். சரணடைந்த ஆட்டங்கள் பதிவில் தோல்வியாகவே இருக்கும்; அதிலிருந்து கற்கும் நிரல், 5,000 கோல்டு பின்தங்கினால் தோல்விதான் என்று உண்மையைவிட இருண்ட கணிப்பைச் சொல்லும்.

மேதைகளுக்கும் இது நடக்கும். 1997 மே 4 அன்று நியூயார்க்கில் டீப் புளூ கணினியோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் காரி காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். பிறகு அந்த நிலையை அலசியவர்கள், தொடர்ந்து செக் கொடுத்து ஆட்டத்தைச் சமனில் முடிக்க அவருக்கு வழி இருந்ததைக் காட்டினார்கள். அன்றைய உலக சாம்பியன் அதைக் காணாமலே எழுந்துவிட்டார்.

இதற்கு நேர்மையான மருந்தைக் கண்டவர்கள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள். 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆல்ஃபாகோ ஜீரோ, தனக்குத் தானே லட்சக்கணக்கான கோ ஆட்டங்களை ஆடிக் கற்றது. மூன்று நாளில் 49 லட்சம் ஆட்டம். தோற்கிற ஆட்டங்களை இறுதிவரை இழுப்பது கணினி நேரத்துக்குப் பெரும் செலவு என்பதால், வாய்ப்பு ஓர் எல்லைக்குக் கீழே போனால் சரணடையும்படி செய்தார்கள். அந்த எல்லையை யாரும் மனம்போனபடி வைக்கவில்லை. பத்தில் ஓர் ஆட்டத்தில் சரணடைவதையே தடைசெய்து, முடியும்வரை ஆடவிட்டார்கள். எல்லைக்குக் கீழே போன பிறகும் அந்த ஆட்டங்களில் எத்தனை வெற்றியாக முடிகின்றன என்று எண்ணினார்கள். அப்படித் தவறாகக் கைவிடப்படுபவை 5 சதவீதத்துக்கு மேல் போகாதபடி எல்லையை நிரலே சரிசெய்துகொண்டது. ‘விட்டிருந்தால் தவறாகியிருக்குமா?’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கவேண்டுமானால் சில ஆட்டங்களை விடாமல் ஆடித்தான் ஆகவேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை.

டோட்டா 2 ஆடப் பழக்கப்பட்ட ஓப்பன்ஏஐ ஃபைவ் இன்னொரு பாடம் தந்தது. 2018 ஆகஸ்டில் தேர்ந்த மனித அணி ஒன்றோடு மூன்று ஆட்டம் ஆடியது; முதல் இரண்டில் எளிதாக வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் அதன் நாயகர்களைப் பார்வையாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள், வேண்டுமென்றே பொருந்தாதவர்களாக. ஆட்டம் தொடங்கும் முன்பே தன் வாய்ப்பு 2.9 சதவீதம் என்று அது கணித்தது. தோற்கத்தான் தோற்றது. ஆனால் நடுவே ஒரு கட்டத்தில் அதன் கணிப்பு 17 சதவீதம் வரை ஏறியது. வாய்ப்பு என்பது அசையாத எண்ணல்ல, ஏறி இறங்கும். அது மிகத் தாழ்ந்த கணத்தில்தான் சரணடையும் பெட்டி திறக்கப்படுகிறது.

ஐந்து பேர், ஒரு முடிவு

சதுரங்கத்திலும் கோ ஆட்டத்திலும் விட்டுவிடுவது தனி ஒருவரின் முடிவு. அணி ஆட்டத்தில் இது வாக்கெடுப்பு, சிக்கலும் அங்கேதான்.

ஐவரில் நால்வர் என்ற விதிக்கு வலுவான காரணம் உண்டு. மீட்கக்கூடிய ஓர் ஆட்டத்தில் ஒருவர் தவறாக ‘ஆம்’ போடும் சாத்தியம் 30 சதவீதம் என்போம். ஐவரும் தனித்தனியே யோசித்து வாக்களித்தால், மூவர் போதும் என்ற விதியில் ஆட்டம் தவறாகக் கைவிடப்படும் சாத்தியம் 16 சதவீதம். நால்வர் வேண்டுமென்றால் 3 சதவீதம். ஐவரும் வேண்டுமென்றால் கால் சதவீதம்கூட இல்லை. தனி ஒருவரைவிடக் கூட்டம் சரியாக முடிவெடுக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785இல் நிறுவியது இந்த வகைக் கணக்கைக் கொண்டுதான்.

ஆனால் அவர் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒவ்வொருவரும் மற்றவரைச் சாராமல் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சரண் பெட்டியில் அப்படி நடப்பதில்லை. யார் போட்டது என்று தெரியாவிட்டாலும், விழுகிற ஒவ்வொரு வாக்கும் பச்சையாகவோ சிவப்பாகவோ எல்லோர் கண்ணிலும் படுகிறது. இரண்டு பச்சை விழுந்ததும் மூன்றாமவர் தன் கணிப்பைவிட அந்த இரண்டு பச்சையை நம்பத் தொடங்குகிறார். ஐவரும் சற்று முன் அதே சண்டையில் செத்தவர்கள் வேறு. ஐவர் மனமும் ஒரே சமயத்தில் சோர்ந்திருக்கிறது. ஐந்து வாக்குகள் ஏறக்குறைய ஒரே வாக்காகிவிடும்போது, 3 சதவீதமாக இருந்த தவறு 30ஐ நோக்கி ஏறுகிறது.

வாக்கெடுப்பு தோற்றுப்போனாலும் அது சும்மா போவதில்லை. மூன்று பேர் கைவிட விரும்புகிறார்கள் என்பது மற்ற இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு யார் உயிரைக் கொடுத்து ஆடுவார்? பத்து சதவீதமாக இருந்த வாய்ப்பு வாக்கெடுப்பாலேயே ஐந்தாகக் குறையலாம். காசு சுண்டுவதில் தலையா பூவா என்பது நம் நம்பிக்கையைப் பொறுத்ததல்ல. அணி ஆட்டத்தில் வெற்றி வாய்ப்பு, நாம் அதைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறுகிறது. ஆகவே சரண் வாக்கெடுப்பைத் தொடங்குவது கருத்துக் கேட்பதோடு நிற்பதில்லை. அதுவே ஆட்டத்தில் ஒரு நகர்வு. முன்பின் தெரியாத ஐவர் சேரும் சாதாரண மேட்சுகளில் வால்வ் அந்தப் பெட்டியையே வைக்கவில்லை. டோட்டா 2இல் அவர்கள் ஆடித்தான் முடிக்க வேண்டும்.

எல்.பி. மட்டுமே கணக்கல்ல

இவ்வளவு சொன்ன பிறகும், சரணடைவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ராங்க் என்ற ஒற்றை அளவுகோலால் மேலே உள்ள கணக்கெல்லாம் போடப்பட்டது. மனிதர்கள் ஆடுவது மகிழ்ச்சிக்காகவும்தான்.

ஜெயிக்க வழியில்லாத ஆட்டத்தை இருவர் ‘இல்லை’ போட்டு 15 நிமிடம் நீட்டித்தால், பத்துப் பேர் சேர்ந்து இரண்டரை மணி நேரத்தைச் செலவிடுகிறார்கள். ராங்க் இல்லாத சாதாரண மேட்சில் அந்த நேரத்தைத் திருப்பித்தருவது நியாயம். தொடக்கத்திலேயே ஒருவர் ஆட்டத்தை விட்டு விலகி ஏஎஃப்கே ஆகிவிட்டால், நால்வர் ஐவரோடு மோதத் தேவையில்லை; ஆட்டத்தை ரத்துசெய்யும் ரீமேக் வாக்கெடுப்பு அதற்காகவே இருக்கிறது.

ராங்க் கணக்கிலேயே மனநிலைக்கு இடம் உண்டு. நம்பிக்கையற்ற ஆட்டத்தை இழுத்து ‘டில்ட்’ ஆகி, அதாவது எரிச்சலில் நிதானமிழந்து, அடுத்த மேட்சில் ஒருவரின் வாய்ப்பு 52இலிருந்து 47ஆகக் குறைகிறதென்றால், அந்த ஐந்து சதவீதத்தின் விலை 2 எல்.பி. அதை நேரத்தின் விலையோடு சேர்த்தால், அவர் சரணடையும் எல்லை முக்கால் சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. அதே சமயம், எரிச்சலோடு சரணடைந்து எரிச்சலோடேயே அடுத்த வரிசையில் நுழைகிறவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர் டில்ட்டைக் கையோடு கொண்டுபோகிறார். அவருக்குத் தேவை பத்து நிமிட ஓய்வு.

பெட்டி திறக்கும்போது

‘ஆம்’ போடும் முன் பார்க்க வேண்டியவை சில. கில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். டவர்களையும், தளத்துக்குள் இருக்கும் இன்ஹிபிட்டர் கட்டடங்களையும் எண்ணுங்கள். உடைந்த இன்ஹிபிட்டர் ஐந்து நிமிடத்தில் மீண்டும் எழும் என்பதை நினைவில் வையுங்கள். கோல்டு வித்தியாசத்தை மொத்தக் கோல்டோடு ஒப்பிடுங்கள். பிற்பகுதியில் வலுவடையும் சாம்பியன்கள் எந்த அணியில் என்று பாருங்கள். உங்கள் லேனில் நீங்கள் அடிவாங்கியிருந்தால், உங்கள் கணிப்பு உண்மையைவிட இருண்டிருக்கும்; அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர் என்ன போடுகிறார் என்பதற்கு எடை கொடுங்கள். நீங்களாக வாக்கெடுப்பைத் தொடங்காதீர்கள், குறிப்பாகச் சண்டையில் செத்துக்கிடக்கும் நொடிகளில்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆல்ஃபாகோ ஜீரோவின் முறையை நமக்கும் கொண்டுவருவது. விட்டுவிடலாம் என்று தோன்றும் ஒவ்வொரு முறையும், வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று மனத்தில் படுகிறதோ அதை ஒரு தாளில் குறித்துவையுங்கள். பிறகு விடாமல் ஆடி, முடிவையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பருவம் முழுவதும் செய்தால், ‘5 சதவீதம்’ என்று நீங்கள் எழுதிய ஆட்டங்களில் எத்தனை உண்மையில் வெற்றியானது என்று தெரிந்துவிடும். நூற்றில் ஐந்து என்றால் உங்கள் கண் சரியானது. அதை நம்பி முடிவெடுக்கலாம். நூற்றில் பதினைந்து என்றால், இதுவரை நீங்கள் தூக்கியெறிந்த ராங்க் எவ்வளவு என்று இப்போது உங்களாலேயே கணக்கிட முடியும். விடுவதோ தொடர்வதோ உங்கள் விருப்பம். அந்த எல்லையை உங்கள் சொந்த ஆட்டங்களின் பதிவைக் கொண்டு வகுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத் திரையின் முன் அமர்ந்திருக்கும் அந்த நொடிகளில் அதை வகுக்காதீர்கள்.